அறுபது நொடி

கை பாதிக் காற்றில் நின்றது.
டார்ட்டு மருத்துவமனையில் டாக்டர் சொன்னதை
எவால்டுக்குச் சைகையில் சொல்லிக்கொண்டிருந்தேன்.
"கட்டி" என்று முடித்து
"இல்லை" என்று தொடங்குவதற்குள்
வைஃபை அறுந்தது.

திரும்பி வந்தபோது
வெல்டிங் தழும்பேறிய அவர் கைகள் இரண்டும்
மடியில் கிடந்தன.
ஒரு நிமிடம் பத்து நொடி
அந்த மனிதர் கட்டியோடு வாழ்ந்திருக்கிறார்.

அன்றிரவு லேப்டாப்பைக் கூண்டில் ஏற்றினேன்.
லினக்ஸ் போட்டுத் தந்த மைத்துனன் ரைவோ
போனில் சொன்னான்:
"கார்டு தூங்கிவிடுகிறது, விர்வே.
மின்சாரம் மிச்சம் பிடிக்கிற கஞ்சப் புத்தி.
தூங்க விடாதே."
ஒரே வரிக் கட்டளை. எழுப்பினேன்.
விழித்திருந்த கார்டும் மறுநாள் அறுந்தது.

டிரைவரை மாற்றினேன்.
கர்னலைப் புதிதாக்கினேன்,
வெட்கத்தோடு பழசுக்கே இறங்கினேன்.
சுண்ணாம்புக்கல் சுவர், மூன்று சாண் கனம்,
அதையும் சந்தேகித்தேன்.
மைக்ரோவேவ் மேல் பழி போட்டு
மூன்று நாள் வீடே ஆறிய கூழ் குடித்தது.

பிறகுதான் லாக் படித்தேன்.

ஆயிரம் வரியிலிருந்து
துண்டித்த நேரங்களை மட்டும் அரித்தெடுத்து
மளிகை ரசீதின் பின்புறம் எழுதினேன்:
திங்கள் 10.42.
செவ்வாய் ஒன்றுமில்லை.
புதன் 10.39, மறுபடி மாலை 4.05.
வெள்ளி 10.44.
ஒவ்வொன்றும் அறுபது நொடிக்கு மேல்,
எண்பதைத் தாண்டவில்லை.
பக்கத்தில் லேப்டாப் எழுதியிருந்தது
எல்லா முறையும் ஒரே வாக்கியம்:
நான் விடவில்லை, அந்தப் பக்கம்தான் விட்டது.
பதினான்கு நாளாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.
பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

பதினைந்தாம் நாள் பத்தரைக்கே
காபியோடு ஜன்னலில் நின்றேன்.
ஹீயுமாவின் வடகரை. கடலெல்லாம் மூடுபனி.
பனிக்குள் பனியின் நிறத்திலேயே ஒரு கப்பல்,
எண் உண்டு, பெயர் இல்லை.
கொடிக்கம்பத்துக்கு மேலே ஏதோ சுழன்றது.
எனக்குப் பின்னால்
ரூட்டரின் பச்சை விளக்கு அணைந்தது.

கையேட்டில் இருந்தது,
உத்தரவாதத்துக்கும் குப்பையில் போடும் விதத்துக்கும் நடுவே
பொடி எழுத்தில்:
இந்தச் சானல்களில் ராடாருக்கே முன்னுரிமை.
அதன் குரல் கேட்டால் பெட்டி
பேச்சைப் பாதியில் விட்டு விலக வேண்டும்.
அதுபோன்ற வேறொரு சானலுக்குப் போனாலும்
வாய் திறக்குமுன்
அறுபது நொடி சும்மா கேட்டிருக்க வேண்டும்,
அங்கும் யாராவது இருக்கிறார்களா என்று.

எவ்வளவு மரியாதை!
இந்த வீட்டில் யாரும் யாரையும்
அறுபது நொடி கேட்டதில்லை,
கையால் பேசிப் பிழைக்கிற நானும்கூட.

முப்பத்தாறாம் சானல், ராடார் நுழையாத சந்து.
ரூட்டரை அங்கே குடிவைத்து
தானாக இடம் மாறும் உரிமையைப் பறித்தேன்.
கார்டை மறுபடி தூங்க விட்டேன், பாவம்.
இப்போது அறுவதில்லை.
கப்பல் வந்ததா போனதா
அதுவும் தெரிவதில்லை.

வியாழக்கிழமை எவால்டு மறுபடி திரையில்.
டாக்டர் எழுந்து போனதும் கேட்டார்:
அன்று என்ன ஆயிற்று?
கப்பல், என்று காட்டினேன்.
என் பெட்டி அதைக் கேட்டுவிட்டது,
ஒதுங்கி நின்றது.

அவர் சிரித்த சத்தத்தில்
மைக்கின் கோடு சிவப்பைத் தொட்டது.
தன் காதைச் சுண்டிக் காட்டினார்:
இதை வாங்கி மாட்டியிருக்கலாம்,
எந்தக் கப்பலுக்கும் பேச்சை நிறுத்தாது.

பிறகு கைகள் மெதுவாயின.
அந்த ஒரு நிமிடத்தில்
என் பட்டறை யாருக்கு என்று முடிவு செய்துவிட்டேன்.
எட்டு வருடமாக என்னோடு பேசாத
அண்ணன் மகளுக்கு.

கட்டிதான் இல்லையே, என்றேன்.

தெரியும், என்றன கைகள்.
மாற்றுவதாக இல்லை.